பம்ப் ஓடுகிறதா, சும்மா கிடக்கிறதா? சத்தமே போடாத வாட்டர் கூலிங்கைச் சோதிப்பது எப்படி

கம்ப்யூட்டர் சிபியுவைத் தண்ணீரால் குளிரவைக்கும் வாட்டர் கூலிங்கில், நல்ல பம்புக்கு அழகே அது இருக்கும் இடம் தெரியாமல் இருப்பதுதான். வம்பும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஓடுகிற பம்பும் நின்றுபோன பம்பும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

என் முதல் ஏஐஓ கூலரை (பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாக முத்திரையிட்டு வரும் வகை) பூட்டிய அன்று ராத்திரி, கேபினெட்டைத் திறந்து இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே வெதுவெதுப்பு. ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டாமா, தண்ணீர் ஓடவில்லை போலிருக்கிறது என்று நானே முடிவுகட்டி, சிபியுமேல் உட்கார்ந்து சூட்டை வாங்கும் பிளாக்கைக் கழற்றி, இரண்டுக்கும் நடுவே பூசியிருந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, மறுபடி பூசி மாட்டினேன். மறுபடியும் அதே வெதுவெதுப்பு. பம்ப் முதல் நிமிடத்திலிருந்தே ஒழுங்காக ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு குழாயும் ஒரே சூட்டில் இருந்ததே அதற்கு அத்தாட்சி. எனக்குத்தான் அது தெரியவில்லை.

பம்ப் விஷயத்தில் சத்தம் சாட்சியே அல்ல. திரையில் தெரியும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற எண்) அரை சாட்சி. சிபியுவில் பிறந்த சூடு, அதைக் காற்றில் விடும் ரேடியேட்டர்வரை போய்ச் சேர்கிறதா என்பதுதான் முழு சாட்சி. கீழே உள்ள எல்லாமே அந்தச் சூட்டைப் பின்தொடரும் வேலைதான்.

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் வெப்பநிலைக் கோட்டைப் பாருங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ, லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர் போன்ற ஏதாவது ஒரு மென்பொருளில் சிபியு வெப்பநிலையை வரைபடமாக ஓடவிடுங்கள். லினக்ஸ் என்றால் எல்எம்-சென்சார்ஸ் போதும். ஐந்து நிமிடம் கம்ப்யூட்டரைச் சும்மா விடுங்கள். பிறகு சிபியுவுக்கு முழு வேலை கொடுக்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒன்றை இருபது நிமிடம் ஓட்டி, சட்டென்று நிறுத்துங்கள். வெப்பநிலை 95, 100 என்று போய் அங்கேயே ஒட்டிக்கொண்டால் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டாம், உடனே நிறுத்திவிடலாம். நமக்கு வேண்டியது எண் அல்ல, கோட்டின் வடிவம்.

எல்லாம் சரியாக இருந்தால், வேலை தொடங்கிய இரண்டு மூன்று விநாடிக்குள் வெப்பநிலை ஒரே தாவாகத் தாவி ஒரு படியில் நிற்கும். அங்கிருந்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி, அரை டிகிரி என்று மெல்ல ஊர்ந்து ஏறி, பதினைந்து இருபது நிமிடத்தில் சமநிலைக்கு வரும். மெதுவாக ஏறக் காரணம் தண்ணீரின் குணம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 4,186 ஜூல் வேண்டும். 100 வாட் சூடு ஒரு லிட்டருக்குள் இறங்கினால், ரேடியேட்டர் ஒன்றுமே செய்யாவிட்டாலும் நிமிடத்துக்கு ஒன்றரை டிகிரிக்குக் குறைவாகத்தான் ஏறும். வேலையை நிறுத்தியதும் கோடு வந்த வேகத்திலேயே சடாரென்று விழும்.

பம்ப் நின்றிருந்தால் படம் வேறு. பிளாக்குக்குள் தேங்கியிருக்கும் கொஞ்சம் தண்ணீர் மட்டுமே சூட்டை வாங்கிக்கொள்கிறது. ரேடியேட்டரில் இருக்கும் தண்ணீருக்குச் செய்தியே போவதில்லை. ஆகவே வேலையே கொடுக்காமல் பயாஸ் திரையில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் மதர்போர்டின் செட்டிங் திரை) வைத்திருந்தால்கூட 50, 60, 70 என்று விடாமல் ஏறி, சில நிமிடங்களில் 90ஐத் தொடும். முக்கியமாக, வேலையை நிறுத்தினாலும் கோடு பழைய இடத்துக்கு விழாது. கொதித்த தண்ணீர் அங்கேயே இருக்கும்போது எப்படி விழும்?

பேஸ்ட் கோளாறு, பிளாக் சரியாக உட்காராதது, அடித்தட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்தது (சிரிக்காதீர்கள், அனுபவசாலிகளும் செய்கிற தவறு இது) ஆகியவற்றில் கோடு விநாடிக்குள் 95, 100 என்று உச்சிக்குப் போய் முட்டி நிற்கும். நிறுத்திய விநாடியே கீழே விழும். தண்ணீர் கடைசிவரை குளிர்ச்சியாகவே இருக்கும். பம்ப் மேல் பழி போட வேண்டாம்.

ரேடியேட்டர் விசிறி நின்றிருந்தாலோ தூசி அடைத்திருந்தாலோ, ஆரம்பம் அழகாக இருக்கும். பத்து நிமிடம் கழித்தும் ஏற்றம் நிற்காது. குழாய்கள், ரேடியேட்டர் எல்லாமே சுடும். இதுவும் பம்பின் குற்றமல்ல. எல்லாம் சுடுகிறது என்றாலே பம்ப் சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது என்றுதான் பொருள்.

ஒரு எச்சரிக்கை. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையின் உயர்ரகச் சிபியுக்கள் முழு வேலையில் 95 டிகிரிவரை போவது அவற்றின் வடிவமைப்பிலேயே உள்ளது. அந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. அங்கேயும் வேலையை நிறுத்தியதும் கோடு எப்படி விழுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். பயாஸில் மின்சேமிப்பு வசதிகள் முழுதாக இயங்காததால், டெஸ்க்டாப்பில் இருப்பதைவிடச் சில டிகிரி கூடுதலாகக் காட்டுவதும் இயல்பு. கூடுதலாக இருக்கலாம், ஏறிக்கொண்டே போகக் கூடாது.

அறிகுறி: சத்தமே இல்லை, வெப்பநிலையும் சரி, ஆனாலும் சந்தேகம்

கோடு ஒழுங்காக இருந்தால் பம்ப் ஓடுகிறது. இதோடு விட்டுவிடலாம். மனசு கேட்கவில்லை என்றால் கையால் உறுதி செய்துகொள்ளலாம்.

விரல் நுனியைப் பம்ப் தலைமேல் மெதுவாக வையுங்கள். ஏஐஓவில் பெரும்பாலும் பம்ப் சிபியு பிளாக்குக்கு மேலேயே இருக்கும். சிலவற்றில் ரேடியேட்டருக்குள்ளேயோ குழாயின் நடுவிலோ வைத்திருப்பார்கள். மொபைல் போன் வைப்ரேட் ஆவதில் பத்தில் ஒரு பங்கு அதிர்வு தெரியும். விசிறிகளின் அதிர்வும் கேபினெட் வழியாக வரும் என்பதால், பயாஸில் விசிறிகளை ஒரு நிமிடம் மிகக் குறைந்த வேகத்தில் வைத்துவிட்டுத் தொடுங்கள். விரலுக்குத் தெரியாவிட்டால் மெக்கானிக் வித்தை இருக்கிறது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பம்பின் பிளாஸ்டிக் மூடிமேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் ஒட்டிக் கேளுங்கள். ஓடும் மோட்டாரின் மெல்லிய ‘ம்ம்ம்’ தெளிவாகக் கேட்கும். முனை வழுக்கி மதர்போர்டில் பட்டால் கதை வேறாகிவிடும். மரக்குச்சியோ பிளாஸ்டிக் பேனாவோ இன்னும் நல்லது.

எனக்குப் பிடித்த சோதனை வேகத்தை மாற்றிப் பார்ப்பது. பம்ப் வேகத்தை 100 சதவீதத்தில் வைத்துவிட்டு 60க்கு இறக்குங்கள். மறுபடி ஏற்றுங்கள். திரையில் ஆர்பிஎம் பின்னாலேயே வர வேண்டும், விரலில் அதிர்வின் சுருதியும் மாற வேண்டும். இரண்டும் நடந்தால் நீங்கள் பார்ப்பது பம்பின் எண்தான், பம்ப் சொன்ன பேச்சைக் கேட்கிறது என்பதும் நிச்சயம். சில பம்புகளுக்கு வேகக் கட்டுப்பாடே கிடையாது, ஒரே வேகம்தான். அவற்றில் இது செல்லாது.

கேபிளைப் பிடுங்கிச் சோதிக்கச் சொல்பவர்களும் உண்டு. நான் செய்யமாட்டேன். ஓடும் கம்ப்யூட்டருக்குள் கையை விட்டு சின்னக் கனெக்டரோடு மல்லுக்கட்டுவதைவிட, செட்டிங்கில் வேகத்தைக் குறைப்பது நிம்மதி.

அறிகுறி: ஆர்பிஎம் 0 என்று காட்டுகிறது

வயிறு கலங்கும்தான். ஆனால் வெப்பநிலை சரியாக இருக்கும்போது 0 காட்டினால், பெரும்பாலும் கோளாறு வயரில்தான் இருக்கும்.

பம்பிலிருந்து வரும் நான்கு பின் கனெக்டரில் ஒன்று எர்த், ஒன்று 12 வோல்ட், ஒன்று வேகத்தைத் திருப்பிச் சொல்லும் டாக் வயர், ஒன்று வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் வயர். டாக் வயரில் வழக்கமாக ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு வரும். அதை எண்ணித்தான் மதர்போர்டு ஆர்பிஎம் கணக்கிடுகிறது. அந்த ஒரு வயர் தொடர்பு இழந்தால், பம்ப் ஜோராக ஓடும்போதே திரையில் 0 வரும்.

பார்க்க வேண்டியது முதலில், எந்த ஹெடரில் (மதர்போர்டில் கேபிள் செருகும் முனை) செருகியிருக்கிறீர்கள் என்பது. மதர்போர்டில் ஏஐஓ பம்ப், வாட்டர் பம்ப் என்றெல்லாம் எழுதிய ஹெடர்கள் இருக்கும். மென்பொருளில் வேறொரு ஹெடரின் வரியைப் பார்த்துக்கொண்டு கவலைப்படுகிறவர்கள் ஏராளம். அடுத்தது ஒய் வடிவ ஸ்ப்ளிட்டர். ஒழுங்கான ஸ்ப்ளிட்டரில் ஒரு கிளைக்கு மட்டுமே டாக் வயர் இருக்கும். பம்ப் டாக் இல்லாத கிளையில் இருந்தால் அதன் வேகம் தெரியவே தெரியாது. அதைவிட மோசம், விசிறியின் வேகத்தைப் பம்பின் வேகம் என்று நம்பி நிம்மதியாக இருப்பது. பம்பை ஸ்ப்ளிட்டரில் போடாதீர்கள், அதற்கென்று தனி ஹெடர் கொடுங்கள்.

சில ஏஐஓக்கள் மின்சாரத்தை எஸ்எம்பிஎஸ்ஸின் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) சாட்டா கனெக்டர் வழியாக வாங்கிக்கொண்டு, வேகத்தை யுஎஸ்பி கேபிள் வழியாக மட்டுமே சொல்லும். யுஎஸ்பி ஹெடரில் செருகாமல் விட்டால் பயாஸ் எதையும் காட்டாது. லினக்ஸில் இப்படிப்பட்ட கூலர்களைப் படிக்க லிக்விட்சிடிஎல் என்ற கருவி இருக்கிறது. கஸ்டம் லூப்பில் (பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே கட்டும் அமைப்பு) போடும் டி5 என்ற பெரிய பம்புகளில் பல வகை சாட்டாவிலோ மோலெக்ஸிலோ மின்சாரம் எடுத்துக்கொள்ளும். மதர்போர்டுக்கு டாக், பிடபிள்யூஎம் வயர்கள் மட்டும் போகும். இங்கே தவறு தலைகீழாக நடக்கும். மதர்போர்டு வயரைச் செருகிவிட்டு, மின்சாரக் கனெக்டரை மறந்துவிடுவோம். அப்போது காட்டும் 0 உண்மையான 0.

கம்ப்யூட்டர் தொடங்கும்போதே ‘சிபியு ஃபேன் எரர்’ என்று நின்றுவிட்டால், சிபியு ஃபேன் ஹெடர் காலியாக இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். ரேடியேட்டர் விசிறியை அதில் செருகினால் சரியாகிவிடும். பயாஸில் அந்த எச்சரிக்கையையே அணைத்துவிடுவது சுலபமான வழி, ஆனால் செய்ய வேண்டாம்.

0வும் காட்டி வெப்பநிலையும் ஏறினால் உடனே அணைத்துவிட்டு, மின்சாரக் கனெக்டரைக் கழற்றி மாட்டி, வேறு ஹெடரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அசைவில்லை என்றால் பம்ப் போய்விட்டது.

அறிகுறி: ஆர்பிஎம் நன்றாக இருக்கிறது, ஆனால் சிபியு கொதிக்கிறது

அரை சாட்சி என்று ஏன் சொன்னேன் என்பது இங்கே விளங்கும். ஆர்பிஎம் என்பது ரோட்டர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் பாகம்) சுற்றும் வேகம். தண்ணீர் நகரும் வேகம் அல்ல. காற்றைக் கடைந்துகொண்டு சுற்றினாலும் எண் அழகாகவே இருக்கும். சொல்லப்போனால் கூடுதலாகவே இருக்கும், ஏனென்றால் தண்ணீரைத் தள்ளும் சுமை இல்லாத ரோட்டர் லேசாகச் சுற்றும். உங்கள் பம்ப் வழக்கமாக 2,800 காட்டுவது, அதே அமைப்பில் இன்றைக்கு 3,200 காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். உள்ளே காற்று புகுந்திருக்கலாம்.

இப்போது குழாய்களைத் தொடும் சோதனைக்கு வருவோம், நான் தப்பாகப் புரிந்துகொண்ட அதே சோதனை. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடும் அமைப்பில் 200 வாட் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டால், பிளாக்குக்குள் போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் வித்தியாசம் மூன்று டிகிரிகூட வராது. ஓட்டம் இன்னும் வேகமாக இருந்தால் ஒரு டிகிரிதான். கையால் கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே நல்ல ஓட்டம் இருக்கும் அமைப்பில் இரண்டு குழாயும் ஒரே சூட்டில்தான் இருக்கும். ஒன்று சுள்ளென்று சுட்டு மற்றது அறைச் சூட்டிலேயே இருந்தால் ஓட்டம் மிக மெதுவாக இருக்கிறது, தண்ணீர் பிளாக்குக்குள் நின்று நிதானமாகக் கொதித்துவிட்டு வருகிறது. இரண்டு குழாயும் ஜில்லென்று இருந்து, சிபியு மட்டும் 90இல் இருந்தால் ஓட்டமே இல்லை, அல்லது பிளாக் சிபியுவைத் தொடவே இல்லை. இந்த இரண்டில் எது என்று மேலே சொன்ன கோட்டின் வடிவம் பிரித்துக்காட்டும்.

ஏஐஓவின் ரப்பர் குழாய்கள் தடிமனானவை, சூட்டைச் சீக்கிரம் காட்டாது. பத்து நிமிடம் வேலை கொடுத்த பிறகே தொடுங்கள். குழாயைவிட, ரேடியேட்டரில் குழாய் நுழையும் பக்கத்து உலோகத் தொட்டி நன்றாகச் சொல்லும். தண்ணீரின் வெப்பநிலையைக் காட்டும் சென்சார் உங்கள் கூலரில் இருந்தால் இன்னும் வசதி. அறை வெப்பநிலையைவிட ஐந்திலிருந்து பதினைந்து டிகிரி கூடுதலாக இருப்பது சாதாரணம். பம்ப் பூட்டிய இடத்திலேயே சென்சார் இருக்கும் கூலரில், ஓட்டம் நின்றால் அந்த எண் ஓரிரு நிமிடத்தில் குபீரென்று ஏறும். 60 டிகிரியைத் தொட்டால் நிறுத்திவிடுங்கள். டி5 உட்படப் பல பம்புகளுக்கு அதுதான் எல்லை.

ஓட்டம் குறைந்திருப்பது தெரிந்த பின், காரணம் மூன்றில் ஒன்று. காற்று, அடைப்பு, தேய்ந்த ரோட்டர்.

காற்று எப்போதும் உயரமான இடத்தைத் தேடும். பம்ப் தலை அமைப்பின் உச்சியில் இருந்தால் காற்று அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். ரேடியேட்டரைக் கேபினெட்டின் அடியில் பூட்டுவது இதனால்தான் கூடாது. முன்பக்கம் பூட்டினால், ரேடியேட்டரின் மேல் நுனியாவது பம்பைவிட உயரமாக இருக்கட்டும். கூரையில் பூட்டினால் கவலையே இல்லை. வருடக்கணக்கில் குழாய்ச் சுவர் வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகும். ஆரம்பத்தில் பொறுத்துக்கொண்ட அமைப்பு நான்காம் ஆண்டில் முரண்டு பிடிப்பது அதனால்தான். கம்ப்யூட்டர் ஓடும்போதே கேபினெட்டை நாலு பக்கமும் மெல்லச் சாய்த்து, பம்ப் வேகத்தை ஏற்றி இறக்கினால் சிக்கிய காற்று ரேடியேட்டருக்கு நகர்ந்துவிடும். ஹார்டு டிஸ்க் இருந்தால் முதலில் அதன் கேபிள்களைக் கழற்றிவிடுங்கள்.

அடைப்பு வருவது பிளாக்கின் செப்புத் துடுப்புகளில். அவற்றின் இடைவெளி மில்லிமீட்டரில் ஒரு சிறு பகுதிதான். குழாயிலிருந்து கசியும் மெழுகு போன்ற பொருள், அரிப்பில் உருவான தூள், பாசி எல்லாம் வடிகட்டியில் சிக்குவதுபோல அங்கே சேரும். கஸ்டம் லூப் என்றால் பிளாக்கைத் திறந்து மென்மையான பிரஷ்ஷால் கழுவலாம். மூடி முத்திரையிட்ட ஏஐஓவில் வழியில்லை, வாரண்டி இருக்கும்போதே மாற்றிக்கொள்வதுதான் சரி.

அறிகுறி: சலசல, டிக்டிக், கரகர

சத்தம் இல்லாத பம்ப் திடீரென்று பேச ஆரம்பித்தால் காது கொடுத்துக் கேளுங்கள். சலசலப்பு காற்று. புதிதாக மாட்டிய அன்று சில நிமிடம் கேட்டால் விட்டுவிடலாம்; ஒரு வாரம் ஆகியும் போகவில்லை என்றால் ரேடியேட்டர் நிலையை மாற்றுங்கள். சீரான டிக்டிக் என்றால் முதலில் ஹெடரின் அமைப்பைப் பாருங்கள். பிடபிள்யூஎம் பம்பை, மின்னழுத்தத்தைக் குறைத்து வேகம் குறைக்கும் டிசி முறையில் வைத்திருந்தால், சும்மா இருக்கும் நேரத்தில் வோல்டேஜ் போதாமல் ரோட்டர் தொடங்கித் தொடங்கி நிற்கும். கரகரவென்ற அரைப்பு ரோட்டரின் தாங்கி (பேரிங்) தேய்ந்ததன் அடையாளம். அது தானாகச் சரியாகாது.

வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால், பம்ப் சிபியு விசிறிக்கான வேகக் கோட்டைப் பின்பற்றிக்கொண்டிருக்கிறது. ஏஐஓ பம்பை நிலையான ஒரே வேகத்தில் வையுங்கள். தயாரிப்பாளர் வேறு சொல்லாதவரை முழு வேகம். டி5 போன்ற பெரிய பம்பை முழு வேகத்தில் ஓட்டத் தேவையில்லை. அதன் திருகு வைத்த வகை 1,800இலிருந்து 4,800 ஆர்பிஎம்வரை ஐந்து படிகளில் ஓடும், நடுப்படியே ஒரு சாதாரண லூப்புக்குப் போதும். அதற்கு மேல் சத்தம்தான் மிச்சம்.

அறிகுறி: ரிசர்வாயரில் அசைவே தெரியவில்லை

கஸ்டம் லூப் வைத்திருப்பவர்களின் கவலை இது. விளிம்புவரை நிரம்பிய ரிசர்வாயரில் (லூப்பின் தண்ணீர்த் தொட்டி), காற்றெல்லாம் வெளியேறிய பிறகு, தெளிந்த தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. டார்ச் அடித்து, தண்ணீர் திரும்பி வரும் துவாரத்தின் பக்கம் பாருங்கள். மேற்பரப்பில் பிரதிபலிக்கும் வெளிச்சம் நடுங்கினால் ஓட்டம் இருக்கிறது. ஓட்டத்தைக் காட்டும் சின்னச் சக்கரம் ஒன்றை லூப்பில் சேர்த்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. ஓட்டத்தை அளக்கும் சென்சார் இன்னும் நல்லது.

உள்ளே காற்று இருக்கிறதா என்று அறிய இன்னொரு வழி. நிரப்பும் மூடியைத் திறந்துவைத்து, பம்ப் ஓடாதபோது நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பம்பை ஓட்டினால் மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கி, நிறுத்தினால் பழைய இடத்துக்கு வந்துவிட்டால் எங்கோ காற்றுப் பை இருக்கிறது. தண்ணீரை அமுக்க முடியாது, காற்றைத்தான் அமுக்க முடியும்.

பம்பை மட்டும் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால், மதர்போர்டிலிருந்து எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் கனெக்டரையும் சிபியு, கிராபிக்ஸ் கார்டு கேபிள்களையும் கழற்றிவிட்டு, 24 பின் கனெக்டரில் 16ஆம் பின்னையும் பக்கத்திலிருக்கும் எர்த் பின்னையும் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் தனியே ஓடும். இதற்கென்றே விற்கும் பிரிட்ஜ் பிளக் இருக்கிறது, கம்பியை வளைத்துச் செருகுவதைவிட அது பாதுகாப்பு. பம்புக்குள் தண்ணீர் இருப்பதை உறுதி செய்துகொண்டபின் மட்டுமே ஓட்டுங்கள். தாங்கிக்கு எண்ணெயும் தண்ணீர்தான், குளிர்ச்சியும் தண்ணீர்தான். காய்ந்த பம்பைச் சும்மா ஒரு தரம் சுற்றவிட்டுப் பார்க்கிறேன் என்று ஆரம்பித்துத்தான் பல பம்புகள் பாழாகின்றன.

அறிகுறி: சில நாள் ஓடுகிறது, சில நாள் தொடங்குவதே இல்லை

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் வெப்பநிலை ஏறும். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். முதலில் தொடக்க வேகத்தைப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பம்ப் 20 சதவீதத்திலும் ஓடும், ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்ப அது போதாமல் போகலாம். குறைந்தபட்ச வேகத்தை 50 சதவீதத்துக்கு உயர்த்திவிட்டு ஒரு வாரம் கவனியுங்கள். அதற்குப் பிறகும் அப்படியே என்றால் ரோட்டர் ஒட்டிக்கொள்கிறது.

பம்ப் தலையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் கிளம்பிவிடும். அந்த வித்தை நிஜமாகவே பலிக்கும், நானும் தட்டியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கே புதுப் பம்புக்குச் சொல்லிவிடுங்கள். வரும்வரை பயாஸில் பம்பின் குறைந்த வேக எச்சரிக்கையைப் போட்டு, சிபியுவின் மின் வரம்பைக் குறைத்துவைத்து, பழைய காற்று விசிறிக் கூலர் அலமாரியில் கிடந்தால் அதைத் தூசி தட்டி மாட்டிக்கொள்ளுங்கள்.